தயங்கியவர் கைக்கு வந்த திறன்பேசி: எந்தப் பழக்கம் மாறுகிறது, ஏன் மாறுகிறது

திறன்பேசியை வேண்டாம் என்று பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தவர்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கியில் காசாளராக இருந்தவர், அச்சகம் நடத்தியவர், மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதியவர் என்று நான் அறிந்த பலர் 2015 வரையிலும், சிலர் 2020 வரையிலும் பட்டன் போனோடு நிறைவாகவே இருந்தார்கள். அவர்களுடைய மறுப்புக்குக் காரணங்கள் இருந்தன. வங்கிக் கணக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைவது ஆபத்து என்றார்கள். எங்கே போகிறோம், யாரோடு பேசுகிறோம் என்பதையெல்லாம் முகம் தெரியாத நிறுவனம் குறித்து வைத்துக்கொள்ளும் என்றார்கள். வீட்டில் எல்லாரும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் நிலை வரும் என்றார்கள். இந்த மூன்று ஐயங்களில் எதையும் பின்னால் வந்த அனுபவம் பொய்யாக்கிவிடவில்லை. அப்படியிருந்தும் அவர்களில் பெரும்பாலோர் இன்று திறன்பேசி வைத்திருக்கிறார்கள். கருத்து ஏறத்தாழ அப்படியே இருக்க, நாள் நடக்கும் விதம் மட்டும் மாறியிருக்கிறது.

இந்த மாற்றத்தைக் கூர்ந்து பார்த்தால் அதில் இரண்டு தனித்தனிப் போக்குகள் கலந்திருப்பது தெரியும். பணம் செலுத்துவது, பயணச்சீட்டு எடுப்பது, வங்கி அனுப்பும் ஓடிபியைப் பார்த்துச் சொல்வது போன்றவை சுற்றியிருக்கும் ஏற்பாடுகள் மாறியதால் வந்த பழக்கங்கள். தனி ஒருவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவை வந்தே தீரும். காலையில் கண் விழித்ததும் திரையைப் பார்ப்பது, வரிசையில் நிற்கும்போது கை தானாகப் பைக்குள் போவது, ஒரு காணொளி முடிந்ததும் அடுத்ததற்கு விரல் நகர்வது ஆகியவை கருவியின் வடிவமைப்பால் வந்த பழக்கங்கள். அவற்றை மறுப்பதற்குத் தனி ஒருவருக்கு நிறையவே இடம் இருக்கிறது. தயங்கியவர்கள் முதல் வகையை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள்; இரண்டாம் வகைக்குச் சில வாரங்களிலேயே, எதிர்ப்பு எதுவும் காட்டாமல், இடம் கொடுத்துவிட்டார்கள். ஐயத்தின் பலம் தேவையில்லாத இடத்தில் செலவாகி, தேவையான இடத்தில் இல்லாமல் போனது என்பதே என் எண்ணம்.

அவர்கள் எப்படி வாங்கினார்கள் என்பதிலிருந்தே இது தொடங்குகிறது. 2007-இல் ஐபோனும் 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு கருவியும் வெளிவந்தபோது, இங்கே பெரும்பாலோருக்கு அவை செய்தித்தாளில் படிக்கும் விஷயமாகவே இருந்தன. கருவியின் விலை ஒரு தடை என்றால் தரவுக் கட்டணம் இன்னொரு தடை. ஒரு ஜிபிக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த நாட்டில், 2016 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ஜியோ முதல் சில மாதங்கள் சேவையை இலவசமாகவே கொடுத்தது. மற்ற நிறுவனங்களும் விலையைக் குறைத்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு ஜிபியின் சராசரி விலை பன்னிரண்டு ரூபாய் அளவுக்கு இறங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான் யுபிஐ அறிமுகமாகியிருந்தது. டிசம்பர் 30 அன்று யுபிஐ வழியே பணம் அனுப்புவதற்கான பீம் செயலியும் வெளியானது. இளையவர்கள் பலர் அந்தக் குளிர்காலத்தில்தான் செயலி வழியே பணம் அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். உறுதியாகத் தயங்கியவர்களை அது அசைக்கவில்லை. ஏடிஎம் வாசலில் கால் கடுக்க நின்று பணம் எடுத்தார்கள். புது நோட்டுகள் புழக்கத்துக்கு வந்ததும் பழையபடியே இருந்தார்கள்.

அவர்களை அசைத்தது பெருந்தொற்றுக் காலம். 2020-இல் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போக இ-பாஸ் வேண்டும் என்றானது. அதற்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளின் வகுப்பு திரைக்குள் போனது. வீட்டில் இருந்த ஒரே திறன்பேசி பிள்ளையின் கையில் காலை முழுவதும் இருந்ததால் இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. 2021 மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தடுப்பூசி திறக்கப்பட்டபோது, 44 வயது வரையிலானோர் கோவின் தளத்தில் முன்பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்தது. இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றமே ஒன்றிய அரசைக் கேட்டது. நேரில் வந்தாலும் போடலாம் என்ற தளர்வு சில வாரங்களில் படிப்படியாக வந்தது. அதற்குள் தயக்கத்தின் கடைசி அரணும் பல வீடுகளில் சரிந்திருந்தது. விரும்பித் தேர்ந்து வாங்கியவருக்கும் இப்படி நெருக்கடியில் வாங்கியவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னவர் கருவியின் அமைப்புகளை ஆராய்ந்து தனக்கேற்ப மாற்றிக்கொள்கிறார். பின்னவர் மகனோ மகளோ கடைக்காரரோ வைத்துக் கொடுத்த நிலையிலேயே, எல்லா அறிவிப்புகளும் ஒலிக்க, எல்லா அனுமதிகளும் திறந்திருக்கப் பயன்படுத்தத் தொடங்குகிறார்.

கருத்து மாறாமல் பழக்கம் மட்டும் எப்படி மாறும் என்பதற்கு உளவியல் ஆய்வுகள் தெளிவான விளக்கம் தருகின்றன. அமெரிக்க ஆய்வாளர் வெண்டி வுட் தம் குழுவினருடன் 2002-இல் வெளியிட்ட நாட்குறிப்பு ஆய்வில், மாணவர்கள் அன்றாடம் செய்தவற்றில் சுமார் 43 விழுக்காடு, அதே இடத்தில் அதே சூழலில் பெரும்பாலும் வேறு எதையோ எண்ணிக்கொண்டே செய்தவை என்று கண்டார்கள். பழக்கம் எண்ணத்தைவிடச் சூழலோடு நெருக்கமாகக் கட்டப்பட்டது என்பது இதன் பொருள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லல்லி 96 பேரிடம் நடத்திய ஆய்வில் ஒரு புதிய செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாளில் ஒரே முறை செய்யும் செயல்களுக்கான கணக்கு இது. திறன்பேசியை எடுத்துப் பார்ப்பது ஒரு நாளில் எத்தனையோ முறை நடக்கிறது. அறுபது ஆண்டு கால நம்பிக்கை ஒருபுறம் இருக்க, கை தன் பாட்டுக்குப் புதிய பாதையைப் பழகிக்கொள்வதில் வியப்பில்லை.

முதலில் பணத்தை எடுத்துக்கொள்வோம்; ஏனென்றால் ஐயம் அதிகம் நின்று சண்டையிட்ட இடம் இதுதான். ஓய்வூதியம் வாங்கும் பலருடைய பழைய பழக்கம் இப்படி இருந்தது. மாதத் தொடக்கத்தில் வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்து, பாஸ்புக்கில் பதிந்துகொண்டு வந்து, பாலுக்கு, பேப்பருக்கு, கரண்ட் பில்லுக்கு, மருந்துக்கு என்று தனித்தனி உறைகளில் போட்டு வைப்பார்கள். உறை மெலிய மெலியச் செலவு குறையும். கடையில் சில்லறை இல்லையென்றால் மிட்டாய் வாங்கிக்கொள்வார்கள். பேருந்தில் நடத்துநர் சீட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்தால் இறங்கும் வரை அதைக் கையில் பிடித்திருப்பார்கள். இந்த முழு ஏற்பாட்டையும் கடை வாசலில் ஒட்டிய ஒரு க்யூஆர் அட்டை மெல்லக் கலைத்துவிட்டது. 'ஜிபே பண்ணிடுங்க' என்று காய்கறி விற்கும் அம்மாவே சொல்லும்போது, சில்லறை இல்லாத நாளில் முதல் முறையாக ஒருவர் ஸ்கேன் செய்கிறார். அடுத்த முறை சில்லறை இருந்தாலும் செய்கிறார். 2023 ஆகஸ்டில் நாடு முழுவதும் யுபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் 1000 கோடியைத் தாண்டின என்றால், அதில் இப்படித் தொடங்கிய பத்து ரூபாய், இருபது ரூபாய்களும் சேர்ந்தே இருந்தன.

இங்கே தயங்கியவரின் ஐயம் அவருக்கு நல்ல காவலாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் செயலியோடு இணைக்கவென்றே தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் இரண்டாயிரம், மூவாயிரம் மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஓய்வூதியக் கணக்கைத் தொடவிடவில்லை. இது மிகச் சரியான முறை. எல்லாருக்கும் நான் பரிந்துரைப்பதும் இதையே. யுபிஐயில் நடக்கும் ஏமாற்று வேலைகளில் ஒரு பெரும் பகுதி, பணம் பெறுவதற்கும் இரகசியப் பின் (PIN) எண்ணைப் போட வேண்டும் என்று நம்ப வைப்பதில்தான் நடக்கிறது. பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான் பின் எண் தேவை. பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. இந்த ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பவரை ஏமாற்றுவது கடினம். 2025 அக்டோபர் முதல் தனியாள்களிடையே பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதி நிறுத்தப்பட்டதும் இந்த வகை மோசடியைக் குறைப்பதற்காகவே. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரும் வங்கியும் தவறு செய்யாமல் வெளியார் ஒருவரால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளர் இழப்பைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் பின் எண்ணை அவரே சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவருடைய இழப்பே. உடனே அழைக்க வேண்டியது இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930.

ஆனால் உறைகளோடு போன ஒன்றைத் தனிக் கணக்கால் முழுவதும் மீட்க முடியவில்லை. பணம் கையை விட்டுப் போவதைக் கண்ணால் பார்க்கும்போது எழும் சிறு வலி செலவைக் கட்டுப்படுத்துகிறது. எம்ஐடி பேராசிரியர்கள் டிரேசன் ப்ரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டி நுழைவுச்சீட்டை ஏலம் கேட்ட மாணவர்களில் கடன் அட்டையால் செலுத்தவிருந்தவர்கள், ரொக்கம் தரவிருந்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்டார்கள். திரையில் எண்களைத் தட்டுவதும் அந்த அட்டையைப் போன்றதே. நான் அறிந்த வரையில், செயலிக்கு மாறிய பிறகும் இரவில் நோட்டில் கணக்கு எழுதுபவர்கள் இந்தச் சறுக்கலிலிருந்து ஓரளவு தப்பியிருக்கிறார்கள். இன்னொரு சிறு மாற்றம்: தேநீர் வாங்கிய பன்னிரண்டு ரூபாய்கூடப் பாஸ்புக்கில் ஒரு வரியாக ஏறியதால், பாஸ்புக்கின் பக்கங்கள் விரைவில் தீர்ந்தன, பெரிய தொகைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே சிரமமானது. 2022 செப்டம்பரில் வந்த யுபிஐ லைட் வசதி, சிறு தொகைகளைத் தனியே ஒதுக்கி வைத்த இருப்பிலிருந்து பின் எண் இல்லாமல் கழிப்பதால் இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். பணத்தின் வாசலில் இவ்வளவு காவல் வைத்தவர், அலாரம் என்ற வாசலைத் திறந்தே விட்டுவிடுகிறார். கைக்கடிகாரம், மேசைக் கடிகாரம், டார்ச், பாக்கெட் ரேடியோ, தினசரி கிழிக்கும் காலண்டர் ஆகியவை செய்த வேலைகளைத் திறன்பேசி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும்போது யாருக்கும் அதில் ஆபத்து தெரிவதில்லை. ஆனால் அலாரத்துக்காகக் கருவி தலைமாட்டுக்கு வருகிறது. அலாரத்தை நிறுத்த அதைக் கையில் எடுத்தாக வேண்டும். எடுத்ததும் இரவெல்லாம் வந்து சேர்ந்த செய்திகளின் எண்ணிக்கை கண்ணில் படும். பல் துலக்குவதற்கு முன் வாட்ஸ்அப் பார்க்கும் பழக்கத்துக்குப் பெரும்பாலும் இதுதான் பிறப்பிடம். இரவிலும் அலாரம் வைப்பதற்காக எடுத்ததே கடைசியாகப் பார்க்கும் பொருளாகிறது. ஒரு மேசைக் கடிகாரம் இல்லாமல் போனதால் நாளின் இரு முனைகளும் திரைக்குப் போய்விடுகின்றன.

வடிவமைப்பின் வேலை அதன்பின் தொடங்குகிறது. பக்கத்தின் அடி என்ற ஒன்றே இல்லாமல் உருட்டிக்கொண்டே போகும் முறையை 2006-இல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின். திரையைக் கீழே இழுத்து விட்டால் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று காட்டும் முறை லோரன் பிரிக்டர் ட்வீட்டி என்ற செயலிக்காக அமைத்தது. இருவரும் தாங்கள் செய்தவற்றின் விளைவைக் குறித்துப் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தியிருக்கிறார்கள். உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துச் செய்த சோதனைகளில், ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்த விலங்கைவிட எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் அவ்வப்போது மட்டும் கிடைத்த விலங்கே பொத்தானை விடாமல் அழுத்தியது. திரையை இழுக்கும் விரலுக்கும் இதே நிலைதான். பத்து முறை ஒன்றும் இருக்காது. பதினோராவது முறை பேத்தியின் படம் வந்திருக்கும்.

தயங்கியவர் இதற்கு ஏன் இவ்வளவு எளிதாக வசப்படுகிறார் என்பது எனக்கு நீண்ட நாள் புரியாமல் இருந்தது. பணம் கேட்கும் இடத்தில் அவருக்கு எச்சரிக்கை உணர்வு எழுகிறது; இங்கே பணமும் இல்லை, பின் எண்ணும் இல்லை, நிரப்ப வேண்டிய படிவமும் இல்லை. அத்துடன் அவர் எதிர்பார்த்து அஞ்சிய குப்பை அங்கே அவருக்குக் காட்டப்படுவதில்லை. அவர் தேடிய பழைய பாடல், கேட்க நினைத்த கச்சேரி, சின்ன வயதில் பார்த்த ஊர்த் திருவிழாவின் நேரலை, பட்டிமன்றம், மூட்டு வலிக்கு மருத்துவர் சொல்லும் ஆலோசனை ஆகியவையே அடுத்தடுத்து வருகின்றன. தனக்குப் பிடித்ததையே பார்க்கிறோம் என்பதால் அதைக் கெட்ட பழக்கம் என்று எண்ண அவருக்குக் காரணமே கிடைப்பதில்லை. நேரமும் கையில் இருக்கிறது. டிக்டாக் செயலியைத் தரவிறக்கத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் இடைக்கால ஆணையிட்டபோது, அது இளையோரின் சிக்கல் என்றே பேசப்பட்டது. அந்த ஆணை மூன்று வாரங்களில் விலக்கப்பட்டது. செயலியை ஒன்றிய அரசு 2020 ஜூன் இறுதியில் வேறு காரணங்களுக்காகத் தடை செய்தது. அந்த வெற்றிடத்தில் ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. யூடியூபைப் பாட்டுக் கேட்க மட்டும் வைத்திருந்த முதியவரின் திரையிலும் குறுங்காணொளி இப்படித்தான் அவர் கேட்காமலேயே நுழைந்தது.

இதனால் முதலில் காணாமல் போவது காத்திருக்கும் நேரம். ரேஷன் கடை வரிசையில், மருத்துவர் அறையின் வெளியே, வங்கி பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரோடு நான்கு வார்த்தை பேசுவது, சலூனில் கிடக்கும் தினத்தந்தியைப் புரட்டுவது, ஒன்றும் செய்யாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆகியவை நாளின் இடைவெளிகளை நிரப்பியிருந்தன. இந்த இடைவெளிகளுக்கு யாரும் மதிப்புப் போட்டு வைத்திருக்கவில்லை. அதனால் அவை போனதும் இழப்பாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக்கூடியவர் இருக்கிறார் என்றால் அவர் தயங்கியவர்தான். அந்த நேரம் எப்படி இருந்தது என்பது அவருக்கு நினைவிருக்கிறது.

வழி கேட்பதும் நினைவில் வைப்பதும் குறைந்ததை இவ்வளவு பெரிதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தொலைபேசி எண்களை மனப்பாடமாகச் சொன்னவர்கள் இப்போது மனைவியின் எண்ணுக்கே தொடர்புப் பட்டியலைத் திறக்கிறார்கள் என்பது உண்மை. லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையில் வழியறியும் பகுதியான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்ததை எலினோர் மக்வையர் 2000-இல் காட்டினார். நகரத்தின் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றும் பயிற்சியோடு அதை அவர் தொடர்புபடுத்தினார். ஆனால் வெளியூரில் இரவு பத்து மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கும் எழுபது வயதுப் பெண்மணிக்கு வரைபடம் தரும் துணிவு, அவர் இழக்கும் வழியறிவைவிட மேலானது என்றே கருதுகிறேன்.

வாட்ஸ்அப் தனியே பேசப்பட வேண்டியது. 'போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு' என்ற வழக்கம், பேச்சுக்குக் கட்டணம் இருந்த காலத்தில் ஒரு முழுச் செய்தியாக இருந்தது. அளவில்லாத அழைப்பு வந்ததும் அதற்குப் பொருள் இல்லாமல் போயிற்று. அதன் இடத்தில் குடும்பக் குழு வந்தது. தயங்கியவர் திறன்பேசியைப் பெரும்பாலும் இந்தக் குழுவுக்காகவே ஏற்றுக்கொள்கிறார். அங்கேதான் அவருடைய ஐயம் எதிர்பாராத விதத்தில் சோதனைக்குள்ளாகிறது. செய்தித்தாளில் வந்ததையே இரண்டு முறை யோசித்து நம்பியவர், மைத்துனர் அனுப்பிய செய்தியை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்புகிறார். அனுப்பியவர் தெரிந்தவர் என்பதே உண்மைக்குச் சான்றாகிவிடுகிறது. அதை எழுதியவர் யார் என்ற கேள்வி எழுவதே இல்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு 2018 மே மாதத்தில் பார்த்தது. குழந்தை கடத்துபவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியிருந்த நாள்களில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த வயதான பெண்மணி ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகக் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்த உறவினர்கள் படுகாயமடைந்தார்கள். நாட்டின் பிற பகுதிகளிலும் இப்படிப்பட்ட கொலைகள் நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில் பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அந்த வரம்பு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. பலமுறை கைமாறியதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியைப் பார்த்ததும் நின்று யோசிப்பதே இங்கே ஒருவர் பழகிக்கொள்ள வேண்டிய பழக்கம். இயல்பிலேயே ஐயப்படுபவருக்கு அது மற்றவரைவிட எளிது. எங்கே ஐயப்பட வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவே.

வரவையும் சொல்லாவிட்டால் இந்தக் கணக்கு நேர்மையாக இராது. தொடக்க கால ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தன. தமிழ் படிக்கவே வராத கருவி எனக்கெதற்கு என்று மறுத்தவர்களின் வாதத்துக்கு விடையில்லாமல் இருந்தது. முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சுச் செயலியான செல்லினம் போன்ற முயற்சிகளும், 2013-இல் ஐபோனிலேயே வந்த தமிழ் விசைப்பலகையும், 2017 ஆகஸ்டில் கூகுள் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்ததும் அந்தத் தடையை நீக்கின. கடிதம் எழுதுவதை நிறுத்தி இருபது ஆண்டு ஆனவர்கள் இன்று வாயால் சொல்லி நீண்ட தமிழ்ச் செய்திகள் அனுப்புகிறார்கள். கண் பார்வை குறைந்தவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள். எழுதத் தயங்கும் பெண்கள் பலர் குரல் பதிவில் தம் ஊர்ப் பேச்சிலேயே சகோதரிகளோடு பேசிக்கொள்கிறார்கள். இவை சிறிய பேறுகள் அல்ல.

கண்காணிப்பு பற்றிய பழைய ஐயம் என்னவாயிற்று? அது உள்ளத்தில் இருக்கிறது, விரலுக்கு இறங்கவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்ததைப் படித்து மகிழ்ந்தவரே, டார்ச் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால் அனுமதி என்பதைத் தட்டிவிடுகிறார். ஏனென்றால் கேள்வி வேலைக்கு நடுவே வருகிறது. வேலை முடிய வேண்டும். செயலி ஒவ்வொரு அனுமதியையும் தேவைப்படும் நேரத்தில் கேட்க வேண்டும் என்ற முறை 2015-இல் ஆண்ட்ராய்டு 6-இலும், இந்த முறை மட்டும் என்று அனுமதிக்கும் வசதி 2020-இல் ஆண்ட்ராய்டு 11-இலும் வந்துவிட்டன. ஒரு ஓய்வான மாலையில் அமைப்புகளைத் திறந்து, இருப்பிடத்தையும் மைக்கையும் தொடர்புகளையும் யார் யாரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து மூடுவது, மேடையில் கண்காணிப்பை எதிர்த்துப் பேசுவதைவிடப் பயன் தரும்.

வடிவமைப்பால் வந்த பழக்கங்களை வடிவமைப்பாலேயே தளர்த்தலாம் என்பதால் செய்ய வேண்டியவை எளியவை. கருவியைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு மேசைக் கடிகாரத்தைப் படுக்கையறைக்குத் திரும்பக் கொண்டுவரலாம். அழைப்பும் வங்கிச் செய்தியும் தவிர மற்ற அறிவிப்புகளை அணைக்கலாம். ஒவ்வொரு செயலியும் எவ்வளவு நேரம் பிடித்தது என்று காட்டி வரம்பு வைக்கும் வசதி 2018 முதல் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. மன உறுதியை நம்புவதைவிட இவை மேல். பழக்கம் சூழலோடு கட்டப்பட்டது என்றால், மாற்ற வேண்டியதும் சூழலைத்தானே.

சுற்றியுள்ள ஏற்பாடுகளால் வந்த பழக்கங்களுக்கு இந்த வழி போதாது. அங்கே பொறுப்பு ஏற்பாடு செய்பவர்களுடையது. திறன்பேசி இல்லாதவர் என்று நாம் நினைத்தவர்கள் உண்மையில் அதிலிருந்து விலகி இருக்கவில்லை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அவர்களுடைய ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் மகனுடைய எண் இருந்தது. அவர்களுடைய ஓடிபி இன்னொருவர் பையில் ஒலித்தது. தம் கணக்கில் என்ன நடக்கிறது என்பதை இன்னொருவர் சொல்லிக் கேட்டார்கள். பெண்கள் பலருக்கு இது இன்றும் இப்படித்தான். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் நாட்டில் சுமார் 54 விழுக்காட்டினரே. பட்டன் போனையும் சேர்த்த கணக்கு அது. சொந்தமாக ஒரு திறன்பேசி வாங்கியவர் வங்கிக்குப் போய்க் கணக்கில் தம் எண்ணைப் பதியச் சொல்வது, கருவி தரும் மாற்றங்களில் மிக முக்கியமானது என்பேன்.

வாங்க விரும்பாதவருக்கும் வழி இருக்க வேண்டும். பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்ப *99# என்ற முறையும், 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே முறையும் இருக்கின்றன. கடைகளிலும் வங்கிகளிலும் அவற்றைச் சொல்லித் தருவார் இல்லை. இதற்கு நேர்மாறாக நன்கு நடக்கும் ஒன்றையும் சொல்லலாம். ஒன்றிய அரசின் ஓய்வூதியர் ஒவ்வொரு நவம்பரிலும் தர வேண்டிய வாழ்நாள் சான்றிதழுக்கு 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறை வந்தது. 2021 முதல் வீட்டிலிருந்தே திறன்பேசியில் முகத்தைக் காட்டியும் அதைப் பதியலாம். ஆனால் பழைய வாசல்கள் எதுவும் மூடப்படவில்லை. வங்கிக் கிளைக்குப் போய்க் கையெழுத்திட்டுத் தரலாம், பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம், தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லலாம். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். நான் அறிந்த ஓய்வூதியர்களில் சிலர் வெயில் குறைந்த ஒரு நாளாகப் பார்த்து, பழைய நண்பர்களையும் பார்த்துவிட்டு வரலாம் என்று, திறன்பேசி கையில் இருந்தும் வங்கிக்கே போகிறார்கள்.